‘அருமை அண்ணா’ போதாது தோழர்களே, அந்த வரிக்குப் பக்கத்துல எழுதுங்க



உள்ளாட்சித் தேர்தலுக்கான வார்டு கோரிக்கை வரைவுகள் ஒவ்வொன்றாகத் தயாராகிட்டு வருது. வட்டச் செயலாளர்கள் கூகுள் டாக்ஸில் எழுதி, லிங்கை அந்தந்த வாட்ஸ்அப் குழுவில் போடுறாங்க. “படிச்சுப் பார்த்துட்டு கருத்து சொல்லுங்க தோழர்களே”ன்னு கூட ஒரு வரி.

பத்தே நிமிஷத்துல பதில் குவியுது. “சிறப்பு தோழர்.” “அருமை அண்ணா.” “தரமான சம்பவம்.” கட்டைவிரல் முப்பது, நெருப்பு இருபது, தலைவர் படம் போட்ட ஸ்டிக்கர் நாலு. நடுவுல ஒருத்தர் குட் நைட் சொல்லிட்டுப் போறார். சரின்னு டாக்குமெண்டைத் திறந்து பார்த்தா, ஓரத்துல ஒரு கமெண்ட் கூட இல்ல.

இது பாசம். அதுல சந்தேகமே இல்ல. ஆனா வரைவை எழுதினவருக்கு இதுல இருந்து தெரிய வர்றது ஒண்ணுமே இல்ல. எந்த வரி சரி, எந்த வரி நம்ம தெருவுக்குப் பொருந்தாது, எதை மக்கள் கேட்டா சிரிப்பாங்க, எதுவுமே தெரியாது. அந்த வரைவு அப்படியே நோட்டீஸாகி, வீடு வீடா போய், நம்ம வேட்பாளர் பேருக்குக் கீழே நிக்கும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கோங்க. எந்த ஊர் வரைவிலும் இருக்கும் ஒரு வரி: “வார்டு முழுவதும் மழைநீர் வடிகால் அமைக்கப்படும்.” படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தெருக்காரனைக் கேட்டா வேற கதை சொல்வான். “வடிகால் ஏற்கெனவே இருக்குங்க. தண்ணி வெளிய போற இடத்துல வாய்க்காலை மூடிட்டாங்க. அதைத் திறக்காம இன்னும் பத்து வடிகால் கட்டினாலும் எங்க வீட்டுக்குள்ளதான் வரும்.” இந்த விஷயம் தெரிஞ்ச ஆள் நம்ம குழுவுலயேதான் இருக்கார். அவரும் கட்டைவிரல் போட்டிருக்கார். அவர்கிட்ட மொத்தமா ‘எப்படி இருக்கு’ன்னு கேட்டோம், அவரும் மொத்தமா ‘நல்லாருக்கு’ன்னார். அந்த ஒரு வரியைக் காட்டி யாரும் கேட்கல.

அதனால இந்தப் பக்கத்தின் சார்பா ஒரு கோரிக்கை. கருத்தை வாட்ஸ்அப் குழுவுல போடாதீங்க. டாக்குமெண்டுக்குள்ள, அந்த வரிக்குப் பக்கத்துல போடுங்க. குழுவுல போட்டது ராத்திரிக்குள்ள முந்நூறு மெசேஜுக்கு மேல போயிடும். மறுநாள் வட்டச் செயலாளர் தேடினாலும் கிடைக்காது. கிடைச்சாலும் “மூணாவது பாயிண்ட் கொஞ்சம் பாருங்க தோழர்”னு இருக்கும். அதுக்குள்ள வரைவைத் திருத்தி, மூணாவது பாயிண்ட் அஞ்சாவதா மாறியிருக்கும்.

இது ஒண்ணும் புது டெக்னாலஜி சமாச்சாரம் இல்ல. நம்ம நாட்டோட மிகப் பெரிய வரைவே இப்படித்தான் திருத்தப்பட்டுச்சு. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு 1948 பிப்ரவரியில் அரசமைப்புச் சட்ட வரைவைக் கொடுத்தது. நவம்பர் 4ஆம் தேதி அதை அவையில் முன்வைக்கும்போது, எட்டு மாசமா இது மக்கள் முன்னால இருக்குன்னு அம்பேத்கர் எடுத்துச் சொன்னார். அதுக்கு அவையில் கொடுக்கப்பட்ட திருத்தங்கள் 7,635. உண்மையில் முன்மொழியப்பட்டது 2,473. அந்தத் திருத்தங்கள் எந்த வடிவத்துல இருக்கும் தெரியுமா? இந்தப் பிரிவுல, இந்தச் சொல்லுக்குப் பதிலா, இந்தச் சொல்லைப் போடணும். அவ்வளவுதான். “ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க டாக்டர்”னு சொல்றது திருத்தக் கணக்குல வராது. கூகுள் டாக்ஸ்ல ‘சஜெஸ்டிங்’னு ஒரு முறை இருக்கே, பழைய சொல்லை அடிச்சுட்டுப் புதுச் சொல்லை வேற நிறத்துல காட்டுமே, அது இதேதான்.

அந்தக் குழுவைப் பத்தி இன்னொரு விஷயமும் உண்டு, நம்ம வட்டச் செயலாளர்கள் படிச்சா சிரிப்பாங்க. பேருக்கு ஏழு பேர் குழு. ஒருத்தர் விலகினார், ஒருத்தர் இறந்துட்டார், ஒருத்தர் அமெரிக்காவுல, இன்னொருத்தருக்கு அரசாங்க வேலை, ஓரிருவர் டெல்லியிலேயே இல்ல, உடம்பும் சரியில்ல. கடைசியில எழுதுற பாரம் முழுக்க அம்பேத்கர் தலைமேல விழுந்துச்சுன்னு அதே குழுவில் இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியே அவையில் சொன்னார். நம்ம ஊர்லயும் வரைவுக் குழுவுல ஏழு பேர் பேர் இருக்கும், ராத்திரி உட்கார்ந்து டைப் பண்றது ஒருத்தர்தான். அவருக்குப் பாராட்டு தேவைதான். அதைவிட அவசரமா தேவைப்படுறது, “இந்த வரி தப்பு தோழர், காரணம் இது”ன்னு ஒருத்தர் சொல்றது.

சரி, எப்படிச் செய்யறது? கொஞ்சம் பொறுமையா இந்தப் பத்தியைப் படிங்க. போன்ல கூகுள் டாக்ஸ் ஆப் இருக்கணும். ஆப் இல்லாம லிங்கைத் தொட்டா பெரும்பாலும் படிக்க மட்டும்தான் வரும், “கமெண்ட் போட முடியல தோழர்”ங்கிற புகார்ல பாதி இதனாலதான். திறந்ததும், நீங்க பேச நினைக்கிற சொல்லை அழுத்திப் பிடிச்சா அது நீல நிறமாகும். அதுல கமெண்ட் சேர்க்கிற குறியைத் தொட்டு எழுதுங்க. தமிழ்ல டைப் பண்ண வரலைன்னா கீபோர்டுல இருக்கிற மைக்கைத் தொட்டுப் பேசுங்க, அதுவே எழுதிக்கும். தங்கிலீஷ்ல எழுதினாலும் குத்தமில்ல. எழுத்துப் பிழையைத் திருத்த ஐடி அணியில ஆள் இருக்கு. உங்க தெருவுல தண்ணி எங்க நிக்குதுன்னு சொல்ல எங்ககிட்ட ஆள் இல்ல.

எல்லாருக்கும் எல்லா வரிக்கும் கமெண்ட் எழுத நேரம் இருக்காது. அதுக்காகத்தான் ஒவ்வொரு கோரிக்கைக்குக் கீழேயும் சின்னதா ஒரு கட்டம் போடச் சொல்லியிருக்கோம். பேர், தெரு, அதுக்குப் பக்கத்துல மூணுல ஒண்ணு: சரி, மாத்தணும், வேண்டாம். பஸ்ல நின்னுக்கிட்டே போட்டுடலாம். (கட்டத்துக்குள்ள எழுத எடிட் அனுமதி வேணும். அது உங்க சொந்த ஜிமெயிலுக்கு வரும், பொது லிங்க்ல வராது.) இதுக்குச் சில மாவட்டத் தோழர்கள், “எண்ணிப் பார்த்து மெஜாரிட்டி எடுத்துக்கலாமா?”ன்னு கேட்கிறாங்க. என் கருத்தைச் சொல்றேன்: எண்ணாதீங்க. நாப்பது பேர் ‘சரி’ போட்டு, வாய்க்கால் ஓரத்துல குடியிருக்கிற ஒரே ஒருத்தர் ‘மாத்தணும்’னு போட்டா, அந்த ஒருத்தருக்குத்தான் முதல்ல போன் போடணும். அந்த நாப்பது பேர் வீட்டுக்குள்ள தண்ணி வர்றதில்ல. எங்க பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்க்கணும்னு காட்டத்தான் அந்தக் கட்டம். முடிவு எடுக்கிறதுக்கு இல்ல.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வர்றேன். பொறுப்புல இருக்கிற அண்ணன்மார்கள் மன்னிக்கணும்.

டாக்குமெண்டுல மாவட்டச் செயலாளர் முதல் ஆளா வந்து “மிகச் சிறப்பு” னு எழுதிட்டார்னா அதோட கதை முடிஞ்சது. அதுக்கப்புறம் கிளையில இருக்கிற பையன் “இந்தப் பாயிண்ட் சரியில்ல”ன்னு எழுதுவானா? எழுத மாட்டான். அவனுக்கு அடுத்த மாசம் பூத் கமிட்டியில பேர் வரணும். பயமுறுத்தணும்னு அண்ணன் நினைக்கலதான், ஆனா நடக்கிறது அதுதான். அதனால பொறுப்பாளர்கள் கடைசியா எழுதுங்க. முதல் நாள் முழுக்க உறுப்பினர்களுக்கு. ரெண்டாம் நாள் வட்டம், பகுதி. அதுக்கப்புறம்தான் மாவட்டம். மேல இருக்கிறவங்க ஒரு நாள் வாய் மூடி இருந்தா கீழ இருக்கிறவங்க எவ்வளவு பேசுறாங்கன்னு பாருங்க.

இதே இடத்துல பெண் தோழர்களைப் பத்தியும் பேசியாகணும். தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்கள்ல 50 சதவீதம் பெண்களுக்குன்னு 2016ல சட்டம் திருத்தப்பட்டாச்சு. அதாவது நம்ம வேட்பாளர்ல பாதிப் பேர் பெண்கள். ஆனா வரைவுகளோட ஓரத்துல கமெண்ட் போடுற பேர்களைப் பார்த்தா ஆண் பேராத்தான் வரிசையா இருக்கு. சில இடத்துல அக்கா பேர்ல கமெண்ட் வருது, நடையைப் பார்த்தாலே வீட்டுக்காரர் எழுதினதுன்னு தெரியுது. “என் மனைவி சார்பாக”ன்னு வெளிப்படையாவே ஆரம்பிக்கிறவரும் உண்டு! தோழரே, போனை அவங்க கையில கொடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு லாரித் தண்ணிக்குக் குடம் வெச்சுக் காத்திருக்கிறவங்க அவங்க. “குடிநீர் சீராக வழங்கப்படும்”ங்கிற வரியில எந்த நேரம், எத்தனை குடம், எந்த முனையிலன்னு நிரப்ப அவங்களாலதான் முடியும். உங்களாலயும் என்னாலயும் முடியாது.

எப்ப கேட்கிறோம்ங்கிறதும் முக்கியம். காலையில பதினோரு மணிக்கு லிங்க் போட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு மூடினா யார் எழுத முடியும்? கொத்தனார் வேலைக்குப் போன தோழர் போனை எடுக்கிறதே ராத்திரி எட்டுக்கு மேல. சீக்கிரம் கேட்கணும்தான், ஆனா ரெண்டு ராத்திரியாவது உள்ள வரணும்.

அடுத்தது மொழி. 2020 மார்ச்சில் ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வெளியிட்டுச்சே, ஞாபகம் இருக்கா? நாடு முழுக்க மக்கள்கிட்ட கருத்துக் கேட்கிறோம்னாங்க, ஆனா வரைவு இங்கிலீஷ்லயும் இந்தியிலயும்தான். எட்டாவது அட்டவணையில இருக்கிற 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கணும்னு அந்த வருஷம் ஜூன் 30ல டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்துச்சு. அன்னைக்கு நாம எல்லாரும் கேட்ட கேள்வி, “புரியாத மொழியில கேட்டா எப்படிங்க பதில் சொல்றது?” அந்தக் கேள்வியை நம்ம வரைவுகளுக்கும் கேட்டுக்கணும். “ஒருங்கிணைந்த திடக்கழிவு மேலாண்மைக் கட்டமைப்பு மேம்படுத்தப்படும்” தமிழ் எழுத்துல இருக்கு, ஆனா அது யாருக்குத் தமிழ்? “குப்பை வண்டி தினமும் எல்லாத் தெருவுக்கும் வரும்”னு எழுதிப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல கமெண்ட் வரும்: “எங்க சந்துக்குள்ள வண்டி நுழையாது தோழர், தள்ளுவண்டின்னு போடுங்க.”

போன் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? இந்தக் கேள்வியை மூத்த தோழர்கள் கேட்கிறாங்க, நியாயமான கேள்வி. “கட்சி வளர்ந்தது டீக்கடை பெஞ்சுல, லேப்டாப்ல இல்ல”ன்னு ஒரு பெரியவர் சொன்னார். ஒத்துக்கிறேன். அதனால டாக்குமெண்டை டீக்கடைக்குக் கொண்டு போங்க. இளைஞர் ஒருத்தர் போனை வெச்சு வரி வரியா சத்தமாப் படிக்கட்டும், பெஞ்சுல இருக்கிறவங்க சொல்லட்டும், அங்கேயே கமெண்ட் போடட்டும். சொன்னவர் யார்னு அடையாளம் மட்டும் போடுங்க: ‘பேருந்து நிறுத்தம் பக்கம் பூக்கடை அக்கா சொன்னது’. சொன்னவங்க சொன்ன மாதிரியே எழுதணும். நம்ம கொள்கை விளக்கத்தை அவங்க வாயில திணிக்கக் கூடாது.

வந்த கமெண்டை என்ன பண்றோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. கூகுள் டாக்ஸ்ல கமெண்டுக்கு மேல ஒரு டிக் குறி இருக்கும். அதைத் தொட்டா கமெண்ட் ‘ரிசால்வ்’ ஆகி மறைஞ்சிடும். சில வரைவுகள்ல பதிலே எழுதாம டிக், டிக், டிக்னு எல்லாத்தையும் மூடிடுறாங்க. பார்க்கச் சுத்தமா இருக்கும். ஆனா கமெண்ட் போட்ட தோழர் திரும்ப வந்து பார்க்கிறார், அவர் சொன்னது காணோம், வரியும் மாறல. அடுத்த முறை அவர் எழுதுவாரா? கட்டைவிரல் போட்டுட்டுப் போயிடுவார். ஏத்துக்கிட்டா “மாத்தியாச்சு தோழர்”. ஏத்துக்கலைன்னா காரணம், ஒரே வரி போதும்: “இது மாநகராட்சி கையில இல்ல, நெடுஞ்சாலைத் துறை ரோடு. அதனால வார்டு வரைவுல போட முடியல.” அந்தப் பதிலைப் படிச்சவர் அதுக்கப்புறம் நாலு பேர்கிட்ட அதை விளக்கிச் சொல்வார்.

முடிவு யார் எடுப்பாங்கன்னும் முதல் பக்கத்துலயே எழுதிடுங்க. ஐஸ்லாந்துன்னு ஒரு சின்ன நாடு, அப்போ மக்கள்தொகை சுமார் 3.2 லட்சம். 2008ல வங்கிகள் கவிழ்ந்த பிறகு புது அரசமைப்புச் சட்டம் எழுத 25 பேர் கொண்ட மன்றம் அமைச்சாங்க. 2011ல அவங்க வரைவை இணையத்துல போட்டு, ஃபேஸ்புக்ல எல்லாம் மக்கள் கருத்துச் சொன்னாங்க, அதைப் பார்த்துத் திருத்தவும் செஞ்சாங்க. 2012 அக்டோபர் 20ல வாக்கெடுப்பு, மூணுல ரெண்டு பங்கு பேர் ஆதரவு. ஆனா நாடாளுமன்றம் அதை நிறைவேத்தவே இல்ல. கேட்டது ஒரு குழு, முடிவெடுக்க வேண்டியது வேற ஒரு இடம். நம்ம வார்டுலயும் வட்டம் கேட்டு, மாவட்டம் வேற ஒண்ணை அச்சடிச்சா இதே கதைதான். கடைசி முடிவு மாவட்டக் குழுவோடதுன்னா அதையே சொல்லுங்க. தோழர்கள் கோபிக்க மாட்டாங்க. மறைச்சாத்தான் கோபம் வரும்.

பாதுகாப்பைப் பத்தி ஐடி அணியோட கண்டிப்பான வேண்டுகோள். ‘லிங்க் இருக்கிற யாரும் எடிட் பண்ணலாம்’னு வெச்சுட்டுப் பெரிய குழுவுல போடாதீங்க. லிங்க்குக்குக் ‘கமெண்டர்’ போதும். எடிட் அனுமதி தெரிஞ்ச ஜிமெயில்களுக்கு மட்டும். ஜிமெயிலுக்குள்ள வராம திறந்தா ஆள் பேருக்குப் பதிலா ஏதோ ஒரு விலங்கு பேர்தான் காட்டும். முதலை வந்து கருத்துச் சொன்னா அது நம்ம தோழரா, எதிர்முகாம் நண்பரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? யாராவது கை தவறி ஒரு பக்கத்தையே அழிச்சிட்டா பதறாதீங்க, ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில பழையது இருக்கும். ஆனா போன் நம்பர், வாக்காளர் அட்டை எண், யார் வீடு யாருக்கு ஓட்டுப் போடும்ங்கிற கணக்கு, யாரோட சாதி, இதெல்லாம் இந்த டாக்குமெண்டுக்குள்ள எந்தக் காரணத்துக்கும் வரவே கூடாது.

“ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவங்க ஐடி விங் போட்டுட்டா? ‘பார் இவங்களுக்குள்ளயே சண்டை’ம்பாங்களே?” போடட்டுமே. ஒரு கட்சிக்காரன் தன் கட்சி வரைவுல “எங்க தெருவுக்கு இது பத்தாது”ன்னு எழுதியிருக்கான், பொறுப்பாளர் பதில் சொல்லி மாத்தியிருக்கார். இதுல வெட்கப்பட என்ன இருக்கு? அந்த ஸ்கிரீன்ஷாட்டை நாமளே ஷேர் பண்ணலாம்.

நமக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? தமிழ்நாட்டுல இப்ப வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்கள்ல பகுதி சபை. அங்க நம்ம தோழர்கள் எழுந்து நின்னு எதுக்காகச் சத்தம் போடுறாங்க? தீர்மானத்தை முன்னாடியே எழுதி வெச்சுட்டு, ஊரைக் கூட்டிக் கையெழுத்து மட்டும் வாங்குறாங்கன்னுதானே? முன்னாடியே எழுதின வரைவுக்குக் கட்டைவிரல் மட்டும் வாங்கிட்டு, அந்தச் சபையில எந்த முகத்தோட நிப்போம்?

இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு வார்டு வரைவுகளோட லிங்க் உங்க வட்டக் குழுக்களுக்கு வரும். சனிக்கிழமை இரவு வரைக்கும் உறுப்பினர்கள் மட்டும். ஞாயிறு பகல் வட்ட, பகுதிப் பொறுப்பாளர்கள், மாலை மாவட்டம். ஞாயிறு இரவு 10 மணிக்குக் கமெண்ட் மூடும். ஒவ்வொரு கமெண்டுக்கும் புதன்கிழமைக்குள்ள பதில் எழுத வேண்டியது வட்டச் செயலாளர் பொறுப்பு. பதில் வராத கமெண்ட் இருந்தா, எந்த வார்டு, எந்த வரின்னு மட்டும் இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க. நாங்க கேட்டு வாங்கித் தர்றோம்.

– தகவல் தொழில்நுட்ப அணி